விண்ணில் பறந்த பொருள் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு: முதலில் காகிதத்தைப் பாருங்கள்

2015 இல் அமெரிக்க அரசு, தான் பறிமுதல் செய்த பொருட்களை ஏலம் விட்டபோது, ஸிப் வைத்து மூடும் ஒரு வெள்ளைத் துணிப்பை 995 டொலருக்குப் போனது. நிலவு மாதிரிகளை வைத்துக் கொண்டுவரும் பை என்பது தெரிந்திருந்தது. எந்தப் பயணத்தில் போன பை என்பதுதான் ஏலக் குறிப்பில் இல்லை. வாங்கிய பெண்மணி, பைக்குள் ஒட்டியிருந்த தூசைப் பரிசோதிக்கும்படி அதை நாசாவுக்கு அனுப்பினார். தூசு நிலவினுடையதுதான். பையில் இருந்த பாக இலக்கம் அப்பல்லோ 11 இன் சாமான் பட்டியலோடு பொருந்தியது. நீல் ஆம்ஸ்ட்ரோங் நிலவில் முதலில் அள்ளிய மண் வந்த பை அது. பழைய பதிவேடுகளில் இன்னொரு பையோடு மாறிப்போனதால், யாருக்கும் தெரியாமல் ஏலத்துக்கு வந்துவிட்டது. நாசா திருப்பிக் கொடுக்க மறுத்தது, வழக்கு நடந்தது, நீதிமன்றம் பை வாங்கியவருக்கே சொந்தம் என்றது. 2017 ஜூலை 20 இல், நிலவில் கால் பதித்த நாளின் நினைவு நாளிலேயே, நியூயோர்க்கில் சொத்பீஸ் ஏலத்தில் அது 18 இலட்சம் டொலருக்கு விற்றது.

துணி அதே துணி, தூசும் அதே தூசு. இரண்டு வருடத்தில் மாறியது அதைப் பற்றிய எழுத்துச் சான்று மட்டும்தான். விண்வெளிக்குப் போய் வந்த பொருட்களைச் சேர்க்க விரும்புகிற எவரும் முதலில் மனதில் வைக்கவேண்டிய கதை இது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தத் துறையில் பொருளைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பறந்த பதக்கமும் பறக்காத பதக்கமும் ஒரே அச்சில் அடித்தவை. பறந்த கொடியையும் கடையில் வாங்கிய கொடியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. பூமியைச் சுற்றி வந்ததற்கு ஒரு பொருளில் தழும்பு எதுவும் பொதுவாக இருப்பதில்லை.

இதை யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். காணி வாங்கும்போது நாங்கள் உறுதியைக் கேட்கிறோம். அதற்கு முந்தைய உறுதியையும் கேட்கிறோம். பாட்டனிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போனது, அவரிடமிருந்து மருமகனுக்கு விற்பனையானது என்று ஒவ்வொரு கையாகப் பின்னுக்குப் போகிறோம். இடையில் ஒரு கை விடுபட்டிருந்தால் மண் எவ்வளவு நல்ல செம்மண்ணாக இருந்தாலும் முற்பணம் கொடுக்கமாட்டோம். விண்ணில் பறந்த பொருளுக்கும் இதே கேள்விதான்: விண்கலத்திலிருந்து இறங்கியபோது யார் கையில் இருந்தது, அவர் யாருக்குக் கொடுத்தார், அதற்கு என்ன எழுத்து இருக்கிறது? இந்தச் சங்கிலி உங்கள் கைவரை அறுபடாமல் வந்தால் அது பறந்த பொருள். அறுபட்டிருந்தால், விற்பவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், பறக்காத பொருளின் விலைதான் கொடுக்கலாம்.

சரி, இந்தப் பொருட்கள் எப்படி மேலே போயின? பெரும்பகுதி விண்வெளி வீரர்களின் சொந்தப் பைகளில் போனவை. அப்பல்லோ காலத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சிறு தனிப்பட்ட பை அனுமதிக்கப்பட்டது. குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கக் கொடிகள், பதக்கங்கள், மோதிரங்கள், சின்னங்கள் எல்லாம் அதில் போயின. விண்ணோடங்கள் (ஷட்டில்) வந்த காலத்தில் விதி இன்னும் இறுகியது: ஒருவருக்கு 20 பொருட்கள், எல்லாம் சேர்த்து ஒன்றரை இறாத்தல் எடை, அவற்றைக் காசுக்காக விற்கவும் கூடாது. இது தவிர நாசாவே அதிகாரபூர்வமாக ஏற்றிச் சென்ற பெட்டிகள் உண்டு. பாடசாலைகளுக்கும் மாநிலங்களுக்கும் நாடுகளுக்கும் கொடுக்கும் கொடிகள் அவற்றில் போயின. அப்பல்லோ 11 இல் ஐக்கிய நாடுகள் சபை உறுப்பு நாடுகளின் சிறு கொடிகள் போனபோது, 1955 இலிருந்து உறுப்பு நாடாக இருந்த இலங்கையின் கொடியும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. மூன்றாவது வகை, விண்கலத்தின் உறுப்புகளே: ஆளிகள், கைநூல் பக்கங்கள், வெப்பத்தடுப்புத் தகடுகள், பரசூட் துணி.

‘பறந்தது’ என்பதிலும் படிகள் இருக்கின்றன. 100 கிலோமீற்றர் உயரத்தைத் தொட்டுவிட்டு உடனே இறங்கியது ஒரு படி. பூமியைச் சுற்றியது அடுத்தது. நிலவைச் சுற்றியது அதற்கு மேல். நிலவில் இறங்கியது இன்னும் மேல். கடைசியாக, இறங்கிய கலத்தைவிட்டு வெளியே எடுக்கப்பட்டு நிலவின் தரையில் வெயிலும் தூசும் பட்டது. ஒவ்வொரு படிக்கும் விலை பல மடங்காக ஏறும். டேவிட் ஸ்கொட் அப்பல்லோ 15 இல் நிலவுத் தரையில் கட்டியிருந்த புலோவா கைக்கடிகாரம் 2015 இல் 16 இலட்சம் டொலருக்கு மேல் போனதற்கு அதுதான் காரணம். விற்பவர் ‘நிலவுக்குப் போனது’ என்று எழுதினால், எந்தப் படிவரை போனது என்று கேளுங்கள். நிலவைச் சுற்றிய தாய்க்கலத்திலேயே இருந்த பொருளை நிலவில் இறங்கிய பொருளாக விற்கப் பார்ப்பவர்கள் உண்டு.

அதே ஸ்கொட்டின் பெயரோடு இந்தத் துறையின் மிகப்பெரிய சர்ச்சையும் ஒட்டியிருக்கிறது. 1971 இல் அப்பல்லோ 15 போனபோது ஸ்கொட், அல்பிரட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் மூவரும் அனுமதி பெறாமல் ஏறத்தாழ 400 தபாலுறைகளை நிலவுக்குக் கொண்டுபோய் வந்தார்கள். அவற்றில் 100 உறைகள் ஹேர்மன் சீகர் என்ற ஜேர்மன் முத்திரை வியாபாரிக்குப் போயின. அவர் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 1,500 டொலருக்கு விற்றார். விஷயம் வெளியே வந்ததும் நாசா மூவரையும் கண்டித்தது. அதன் பிறகு அவர்களில் ஒருவரும் விண்வெளிக்குப் போகவில்லை. மிச்ச உறைகளை அரசு எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டது.

அப்புறம் 1983 வந்தது. நாசாவின் 25 ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி, அமெரிக்கத் தபால் திணைக்களத்தோடு சேர்ந்து நாசாவே தபாலுறைகளை விண்ணுக்கு அனுப்ப முடிவெடுத்தது. விண்ணோடங்களின் எட்டாவது பயணமாகச் சலஞ்சர் ஆகஸ்ட் 30 அன்று இரவில் கிளம்பி செப்டெம்பர் 5 இல் எட்வேர்ட்ஸ் விமானத் தளத்தில் இறங்கியது. அதில் ஏறத்தாழ 260,000 உறைகள் போய் வந்தன. ஒவ்வொன்றிலும் கழுகும் நிலவும் அச்சிட்ட 9.35 டொலர் முத்திரை. விற்பனை விலை 15.35 டொலர். இந்தத் திட்டத்தைக் காட்டி வோர்டன் அந்த வருடமே வழக்குப் போட்டார்: அரசே உறைகளைப் பறக்கவிட்டு விற்கலாமென்றால் எங்கள் உறைகளை மட்டும் ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? அரசு அவற்றைத் திருப்பிக் கொடுத்தது.

புதிதாகத் தொடங்குகிற எவருக்கும் நான் சொல்வது இந்த 1983 ஆம் ஆண்டு உறையைத்தான். இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருப்பதால் இன்றைக்கும் பெரும்பாலும் அன்று விற்ற விலைக்குக் கிட்டவே கிடைக்கிறது. அவ்வளவு மலிவான பொருளைப் போலியாகச் செய்ய யாரும் மினக்கெடுவதில்லை. பறந்ததற்கான சான்று அரசின் பதிவிலேயே இருக்கிறது. தனிக் கடிதம் தேவையில்லை. விலை குறைந்தது என்பதற்காக வரலாறு குறைந்தது அல்ல. கயன் புளூஃபோர்ட் என்ற முதல் ஆபிரிக்க அமெரிக்க விண்வெளி வீரர் பறந்தது இந்தப் பயணத்தில். விண்ணோடங்களில் முதன்முதலாக இரவில் கிளம்பியதும் இதுதான். இரண்டரை வருடத்தில், 1986 ஜனவரி 28 இல், சலஞ்சர் ஏழு பேரோடு அழிந்துபோனது.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த உறைகளில் பெரும்பகுதி இருந்த அதே சரக்கறையில்தான் இந்தியாவின் இன்சாட் 1பி செய்மதியும் இருந்தது. வீரர்கள் அதைப் பாதையில் விட்டார்கள். தூர்தர்சன் இந்தியா முழுக்கப் பரவ வழிசெய்த செய்மதி அது. எண்பதுகளில் கூரைக்கு மேல் உயர்ந்த கம்பம் நட்டு, அன்ரனாவை வடக்கே திருப்பித் திருப்பிப் படம் பிடித்த தலைமுறை யாழ்ப்பாணத்தில் இன்னமும் இருக்கிறது. அந்த வீடுகளில் இந்த உறைக்கு ஓர் இடம் இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உயர்தரம் படிக்கிற ஒரு பொடியன் இந்த உறையை மேசை விளக்குக்குக் கீழே நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அண்ணை, இது உண்மையா மேல போய் வந்ததோ?” என்று கேட்டான். “தபால் சீலைப் பார் தம்பி” என்றேன். கென்னடி விண்வெளி மையத்தின் சீலை வாசித்தான், எட்வேர்ட்ஸ் தளத்தின் செப்டெம்பர் 5 சீலைத் தேடிப் பிடித்தான், பிறகு தொலைபேசியில் பயணத்தின் திகதியைப் போட்டு ஒத்துப் பார்த்தான். அவன் செய்ததுதான் இந்தத் துறையின் முழு வேலையும்.

சீலில் கவனம் வேண்டும். விண்கலம் கிளம்பும் நாளில் கென்னடி மையத்துத் தபாற்கந்தோரில் சீல் குத்தி வாங்கிய ஞாபக உறைகள் ஆயிரக்கணக்கில் சந்தையில் கிடக்கின்றன. அழகானவை, சேர்க்கத் தகுந்தவை, ஆனால் தரையைவிட்டு எழும்பாதவை. அப்பல்லோ 11 வீரர்கள் கிளம்பமுன் கையெழுத்திட்டு, தங்களுக்கு ஏதும் நடந்தால் குடும்பத்துக்கு உதவட்டும் என்று வைத்துவிட்டுப் போன ‘காப்புறுதி’ உறைகளும் அப்படித்தான். பெரும் விலை போகின்றன, மனதைத் தொடும் கதை உள்ளவை, ஆனால் பறக்கவில்லை. மாறாக ரஷ்யர்களின் மீர் நிலையத்துக்குள்ளேயே ஒரு சீல் இருந்தது, சர்வதேச விண்வெளி நிலையத்திலும் உண்டு. அங்கே மேலேயே குத்தப்பட்ட உறைகள் முத்திரை சேர்ப்பவர்களுக்கு நல்ல அடுத்த படி.

அதற்கு மேலே போக நினைப்பவர்கள் கேட்கிற பெயர் ரொபின்ஸ். மசச்சூசெற்ஸ் மாநிலத்து அற்றில்பரோ ஊரில் இருந்த ரொபின்ஸ் கம்பனி, அப்பல்லோ 7 இலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் வெள்ளிப் பதக்கம் அடித்தது. வீரர்கள் தங்கள் காசில் வாங்கிக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றிலும் தொடர் இலக்கம் இருக்கும்; எந்த இலக்கங்கள் பறந்தன என்பது பதிவில் இருக்கிறது. விண்ணோடக் காலத்துப் பதக்கங்கள் நூற்றுக்கணக்கான டொலரில் கிடைக்கும், அப்பல்லோ 11 இனுடையது பல்லாயிரம். இந்தத் தொடர் இலக்கம் இருப்பதாலேயே ரொபின்ஸ் பதக்கத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

மலிவான பக்கத்தில் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று, பறந்த விண்கலத்தின் உலோகத்தில் சிறிது உருக்கிக் கலந்து, திட்டத்தில் வேலைசெய்த ஊழியர்களுக்குக் கொடுத்த ஞாபகப் பதக்கங்கள். இன்னொன்று, அப்பல்லோ 11 தாய்க்கலம் கொலம்பியாவின் வெளிப்புறத்தில் சுற்றியிருந்த ‘கப்டன்’ என்ற பொன்னிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளின் துணுக்குகள். நகக்கண் அளவில் ஒரு துண்டைக் கண்ணாடி போன்ற அக்ரிலிக்குக்குள் பதித்து விற்கிறார்கள். மீட்கும்போது உரிந்து வந்த தாள் என்பதால் அதைத் துண்டாக்கியதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் வீரர் கையால் குறிப்பெழுதிய கைநூல் பக்கத்தையும், முழுதாக இருந்த கொடியையும் சதுரம் சதுரமாக வெட்டி விற்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. அப்படி வெட்டியதை வாங்கினால் அடுத்ததை வெட்டவும் காசு கொடுக்கிறோம். துணுக்கு வாங்குவதென்றால், அது வந்த முழுத் தாளின் படமும் அதைக் கழற்றியவரின் கடிதப் பிரதியும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

கடிதம் என்றால் எது நல்ல கடிதம்? வீரரே தன் பெயர் அச்சிட்ட தாளில், இந்த இலக்கப் பொருள் இந்தப் பயணத்தில் என்னோடு வந்தது, இத்தனை வருடம் என் சேகரிப்பில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டது. பொருளிலேயே அவர் பேனாவால் பயணத்தின் பெயரை எழுதியிருந்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் தானே அச்சிட்டு ஒட்டும் பொன்னிற ஸ்டிக்கர் சான்றிதழ், அந்தக் கடைக்காரரின் வாக்கு மட்டும்தான். கையெழுத்திலும் கவனம்: நாசா அந்தக் காலத்தில் வீரர்களின் கையெழுத்தை இயந்திரத்தாலும் போட்டது. இரண்டு கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சொட்டாகப் பொருந்தினால் மனிதக் கை போட்டதல்ல. ஆம்ஸ்ட்ரோங் 1994 அளவில் கேட்பவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிந்தைய திகதியோடு வருபவற்றைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

வீரர்கள் தங்கள் கையில் இருந்ததை விற்கலாமா என்ற கேள்வியும் நெடுங்காலம் தீராமல் கிடந்தது. 2011 இல் ஜேம்ஸ் லவல் தன் அப்பல்லோ 13 சரிபார்ப்புக் கைநூலை ஏலத்தில் 388,375 டொலருக்கு விற்றார். ஒட்சிசன் தாங்கி வெடித்த பின், உயிர்தப்ப அவர் தன் கையால் கணக்குப்போட்ட பக்கங்கள் அதில் இருந்தன. நாசா உரிமைக் கேள்வி எழுப்பி விற்பனையை மறித்தது. அடுத்த வருடம், 2012 செப்டெம்பரில், அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: மேர்க்குரி என்ற முதல் மனித விண்பயணத் திட்டத்திலிருந்து 1975 இன் அப்பல்லோ சோயுஸ் வரையான பயணங்களில் வீரர்கள் வைத்துக்கொண்ட பொருட்கள் அவர்களுக்கே முழுச் சொந்தம். நிலவுக் கல்லும் மண்ணும் மட்டும் இதில் சேராது.

ஆகவே அப்பல்லோ நிலவுக் கல் என்று யாராவது விற்க வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அப்பல்லோ கொண்டுவந்த 382 கிலோவும் அமெரிக்க அரசின் சொத்து, நாடுகளுக்குப் பரிசாகக் கொடுத்தது அந்தந்த அரசுகளுடையது. ஹொண்டுராஸ் நாட்டுக்குக் கொடுத்த கல் 1998 இல் 50 இலட்சம் டொலருக்கு விலைபேசப்பட்டபோது, வாங்க வந்தவர்களாக நடித்தது அமெரிக்க அதிகாரிகள். சோவியத்தின் லூனா 16 ஆளில்லாக் கலம் கொண்டுவந்த மூன்று சிறு மணிகள் மட்டும் 1993 இல் சட்டப்படி ஏலம் போயின, 2018 இல் 855,000 டொலருக்கு மறுபடி விற்றன. நிலவின் துண்டு கட்டாயம் வேண்டுமென்றால் நிலவிலிருந்து தானாக விழுந்த விண்கற்கள் இருக்கின்றன. ஆய்வுசெய்து பதிவான பெயரோடு, சிறு துணுக்காகச் சாதாரண விலைக்கே வாங்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வாங்குவது என்றால் ஏலங்கள் எல்லாம் ஒன்லைனில்தான். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பெயருக்கு அனுப்பி, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது எங்கள் வழக்கம். சின்ன உறைக்கு அது நல்ல வழி. விலைகூடிய பொருளானால் பார்சலாக, உண்மை விலையை எழுதி, காப்புறுதி போட்டு, சுங்கத் தீர்வையைக் கணக்கில் சேர்த்தே எடுங்கள். விலையைக் குறைத்து எழுதிய பட்டியல் பின்னாளில் உங்கள் சங்கிலியில் ஒரு பொய்யான கண்ணியாக நிற்கும், தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும். மூலக் கடிதத்தையும் பொருளையும் ஒரே பொதியில் அனுப்பினாலும், அனுப்பமுன் கடிதத்தின் படத்தை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

வந்த பிறகு பாதுகாப்பது எங்கள் ஊரில் பெரிய வேலை. மாரிகாலத்து ஈரத்தில் முத்திரையின் பசை இளகி அட்டையோடு ஒட்டும், தாளில் பழுப்புப் புள்ளி விழும். கடற்காற்றில் வெள்ளி கறுக்கும். இராமபாணப் பூச்சியும் கறையானும் வேறு. தாளை அமிலமில்லாத உறையில் போட்டு, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, சுவரோடு ஒட்டாத அலுமாரியில், நிலத்திலிருந்து உயரத்தில் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள். சாதாரண பிளாஸ்ரிக் அல்பம் வேண்டாம், காலப்போக்கில் அதுவே தாளைக் கெடுக்கும். வெள்ளிப் பதக்கத்தைப் பழப்புளி போட்டு மினுக்குவது எங்கள் வீடுகளில் கை தானாகச் செய்கிற வேலை. தயவுசெய்து செய்யாதீர்கள். தொடர் இலக்கத்தின் ஓரம் தேய்ந்தால் விலையும் தேயும். கறுத்தது கறுத்தபடியே இருக்கட்டும். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் கொடுத்து வெள்ளியா என்று உரைத்துப் பார்ப்பதும் வேண்டாம். வெள்ளி என்பது அங்கே ஒரு கேள்வியே அல்ல.

கடிதம், ஏலப் பட்டியல், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். 1981 இல் எங்கள் பொது நூலகம் எரிந்ததையும், பிறகு இடம்பெயர்வுகளில் ஒவ்வொரு குடும்பமும் எத்தனை ஆவணங்களை இழந்தது என்பதையும் அறிந்த ஊருக்கு இதை அதிகம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, கரையோர ஆட்களுக்கு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு நேரே தெற்கே விட்டால் ரொக்கெட் இலங்கைக்கு மேலால் போகவேண்டிவரும். அதனால் தென்கிழக்காகக் கிளப்பி, கடலுக்கு மேலே வைத்துத் தெற்கே திருப்புகிறார்கள். அதில் வீணாகும் எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கழன்று விழும் பாகங்கள் கடலில் மிதந்து கரைசேரக்கூடும். பருத்தித்துறையிலோ மயிலிட்டியிலோ அப்படி ஏதும் ஒதுங்கினால் அது கண்டெடுத்தவரின் சேகரிப்புப் பொருள் ஆகாது. 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, எங்கே விழுந்தாலும் அதன் சொந்தக்காரர் மாறுவதில்லை, கேட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டும். இலங்கையும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. தாங்கிகளிலும் குழாய்களிலும் ஹைட்ரசீன் போன்ற கொடிய நஞ்சு மிஞ்சியிருக்கலாம் என்பதால் தொடுவதும் ஆபத்து. பிள்ளைகளைக் கிட்ட விடாமல், தூரத்தில் நின்று படமெடுத்து, பொலிசுக்கோ கடற்படைக்கோ அறிவியுங்கள். அதோடு, முதலில் கழலும் பாகங்களில் பல, 100 கிலோமீற்றரைத் தொடாமலே விழுபவை என்பதால் ‘பறந்தது’ என்பதன் முதல் படிக்கும் வராதவை.